குத்துக்கு முன் ஒரு தலையாட்டல்

நாற்பத்து நான்காவது வயதில் நான் குத்துச்சண்டை பழகப் போனதற்கு எங்கள் தாமானில், அதாவது வீடமைப்புப் பகுதியில், சுற்றும் நாய்கள்தான் காரணம். இனிப்புநீர் நோய் வாசற்படிவரை வந்துவிட்டது என்று கிளினிக்கில் டாக்டர் சொன்னார். தினமும் அரைமணி நேரம் நடங்கள் என்றார். காலுக்குப் புதுச் சப்பாத்து வாங்கிக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். மூன்றாம் நாள் மாலை நான்கு நாய்கள் என்னைத் துரத்தின. யாருடைய வீடு என்றுகூடப் பார்க்காமல் ஒரு இரும்பு கேட்டில் ஏறி நின்றேன். அந்த வீட்டுச் சீனப் பெரியவர் தோட்டத்துக் குழாயோடு வெளியே வந்து நாய்கள் மேல் தண்ணீர் பீய்ச்சினார். பாதித் தண்ணீர் என்மேல். சொட்டச் சொட்ட நனைந்து வீட்டுக்கு வந்ததும் என் கணவர் முதலில் சிரித்தார், பிறகுதான் கடிபட்டதா என்று கேட்டார்.

போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் இருக்கும் என் ஆபீசிலிருந்து கிள்ளானில் இருக்கும் வீட்டுக்கு வரும் வழியில் ஒரு டயர் கடை. அதன் மாடியில் ஒரு ஜிம். 'பெண்களுக்கான குத்துச்சண்டை, வாரம் மூன்று மாலை' என்று பலகை தொங்கும். பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டே கடந்துபோன பலகைதான். அந்த வாரம் காரை ஓரமாக நிறுத்திவிட்டு ஏறிப் போனேன். மேலே ரப்பர் வாசனையும் வியர்வை வாசனையும் கலந்து அடித்தன. அங்கே நாய்கள் இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

பயிற்சியாளரை எல்லோரும் கோச் என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர், நம் தமிழ் ஆள். பகலில் ஏர்கோன் பழுதுபார்க்கும் வேலை. முதல் நாளே, "அக்கா, கோவம் இருக்கா?" என்று கேட்டார். "யார் மேல?" என்றேன். "யார் மேலயாவது" என்றார். லோரி டிரைவர்களிடம் பதினேழு வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னதும் மேலே ஒன்றும் கேட்காமல் கிளவுசை எடுத்து நீட்டினார்.

கண்டெய்னர் லோரிகளை அனுப்பும் கம்பெனியில் எனக்கு வேலை. எந்த லோரி எங்கே நிற்கிறது, எப்போது துறைமுகத்துக்குள் போகும், ஏன் இன்னும் போகவில்லை என்று நாள் முழுக்கப் போனில் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். "ஜாம், அக்கா" என்று ஒருவர் சொல்லும்போதே அது உண்மையான சாலை நெரிசலா, கடையில் உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்கிற ஜாமா என்று கண்டுபிடித்துவிடுவேன். பொய் சொல்கிறவர் பதிலை முன்கூட்டியே தயாராக வைத்திருப்பார், கேள்வி முடிவதற்குள் அது வந்துவிடும். உண்மையாகவே மாட்டிக்கொண்டவர் முதலில் ஒரு பெருமூச்சு விடுவார். இந்த வித்தையில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. மனிதர்களைப் படிக்கத் தெரிந்தவள் என்று ஆபீசில் பெயர்.

குத்துப்பையை அடிப்பது எனக்கு உடனே பிடித்துப்போனது. மூன்று மாதத்தில் மூச்சு வாங்குவது குறைந்தது, டாக்டர் முகம் மலர்ந்தது. அதன் பிறகுதான் கோச் என்னை ரிங்குக்குள் ஏற்றி, தனக்கு எதிரே நிறுத்தி, "அடிங்க அக்கா, நான் திருப்பி லேசாத்தான் தொடுவேன்" என்றார். இடக்கையால் இரண்டு குத்து போனது. வலக்கையைத் தூக்கியபோது அவர் அங்கே இல்லை. அவருடைய கிளவுஸ் என் நெற்றியை மெல்லத் தட்டியது. திரும்பவும் முயன்றேன். திரும்பவும் தட்டியது. பத்துத் தடவை முயன்றிருப்பேன், பத்துத் தடவையும் என் நெற்றியில் முத்திரை விழுந்தது, தபால் நிலையத்தில் குத்துவதுபோல.

"எப்படித் தெரியுது உங்களுக்கு?" என்றேன்.

"நீங்கதானே சொல்றீங்க."

"நான் வாயே திறக்கலியே."

"தலையாட்டுறீங்க அக்கா. வலக்கை வர்றதுக்கு முன்னால, 'சரி'ன்னு ஒரு சின்ன ஆட்டல். பர்மிஷன் குடுக்குற மாதிரி. நான் அதப் பார்த்துட்டு நகர்ந்துடுறேன்."

நம்பவில்லை. கைப்பேசியில் வீடியோ எடுத்துக் காட்டினார். திரையில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, ஒவ்வொரு முறையும் வலக்கையை வீசுவதற்கு முன், போனில் டிரைவருக்கு "ஆ, சரி, போங்க" என்று சொல்வதைப்போல மோவாயை ஒரு அங்குலம் இறக்கி ஏற்றினாள். பதினேழு வருடம் போனில் முடிவு சொல்லிச் சொல்லிப் பழகிய தலை என்று நினைத்துக்கொண்டேன். மனம் ஒன்றைத் தீர்மானித்ததும் தானாக ஆடியது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் இதைச் சொன்னேன். அவர் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவேயில்லை.

"ஆமா, ஆட்டுவே. அதுக்கென்ன?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்தே தெரியும். நீ எதுக்காவது 'முடியாது'ன்னு சொல்லப் போறேன்னா முதல்ல தலையாட்டுவே. நான் உடனே பேச்ச மாத்திடுவேன்."

இருபத்தொரு வருட தாம்பத்தியத்தில் நான் சொல்லாமல் விட்ட 'முடியாது'களை எல்லாம் அடுப்படியில் நின்று நினைத்துப் பார்த்தேன். பெரிய மோட்டார் சைக்கிள். வரவேற்பறையில் வைத்த மீன் தொட்டி. அவருடைய தம்பி வந்து நான்கு மாதம் தங்கியது. எல்லாமே நான் பேச வாயெடுத்தபோது பேச்சு மாறி, பிறகு எப்படியோ நடந்துவிட்டவை. "ஏங்க, இத்தனை நாளா சொல்லவே இல்லியே" என்றேன். "சொன்னா நிறுத்திடுவியே" என்றார், அவ்வளவு நேர்மையாக. கோபப்படலாம் என்று நினைத்தேன், ஆனால் சிரிப்புதான் வந்தது. மீன் தொட்டியிலிருந்த மீன்கள் மட்டும் ஒன்றும் தெரியாததுபோல நீந்திக்கொண்டிருந்தன.

அந்தத் தலையாட்டலை நிறுத்த எட்டு வாரம் ஆனது. கோச் என் மோவாய்க்கும் நெஞ்செலும்புக்கும் நடுவில் ஒரு டென்னிஸ் பந்தைச் செருகிவிடுவார். பந்து விழாமல் குத்த வேண்டும். விழுந்தால் பத்து முறை உட்கார்ந்து எழ வேண்டும். முதல் வாரம் முழுக்க உட்கார்ந்து எழுந்தேன். அதோடு எதிராளியை எப்படிப் பார்ப்பது என்பதையும் சொல்லிக்கொடுத்தார். கையைப் பார்க்காதே, கை ஏமாற்றும். கண்ணைப் பார்க்காதே, அனுபவசாலி கண்ணாலும் ஏமாற்றுவான். நெஞ்சைப் பார். அங்கே பார்வையை வைத்தால் தோள், இடுப்பு, முழங்கால் எல்லாம் ஓரத்தில் தெரியும். குத்து கையில் வருவதற்கு முன்னால் தோளில் வரும், தோளுக்கு முன்னால் இடுப்பில், இடுப்புக்கு முன்னால் பாதத்தில்.

இதைக் கற்றுக்கொண்ட பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. எங்கே போனாலும் மனிதர்களின் பாதங்களைத்தான் பார்த்தேன். கொம்யூட்டர் ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர் எந்த ஸ்டேஷனில் இறங்குவார் என்று குதிகாலை வைத்துச் சொன்னேன். கோப்பிக் கடையில் பேச்சு சுவாரசியமாகப் போய்க்கொண்டிருக்கும், ஆனால் ஒருவரின் செருப்பு மட்டும் வாசல் பக்கம் திரும்பியிருக்கும். இரண்டு நிமிடத்தில் அவர் எழுந்துவிடுவார். கோயிலில் பிரசாத வரிசையில் நிற்கும்போது எனக்குப் பின்னால் இருந்த அக்கா இடதுபக்கமாகப் புகுந்து முந்தப் போகிறார் என்று முன்கூட்டியே தெரிந்து, இடதுகாலை அரையடி நகர்த்தி வைத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. பொங்கல் எனக்குத்தான் முதலில் கிடைத்தது.

தலைக்கனம் ஏறிவிட்டது என்று நான் சொல்லாமலே புரிந்திருக்கும். அதை இறக்கி வைத்தது மாடுகள்.

எங்கள் டிரைவர்களில் ஒருவர் எதைச் சொன்னாலும் விவரமாக, நீட்டி முழக்கிச் சொல்வார். அளவுக்கு மீறிய விவரம் பொய்யின் அடையாளம் என்பது அப்போது என் கொள்கை. ஒரு மத்தியானம் காப்பார் பக்கம் கண்டெய்னரை ஏற்றிக்கொண்டு வந்தவர் போன் செய்தார்.

"அக்கா, லேட் ஆவும். ரோட்டுல மாடு படுத்திருக்கு."

"மாடா?"

"பதினோரு மாடு அக்கா. ஒரு கன்னுக்குட்டி. செம்பனைத் தோட்டத்துலேர்ந்து வந்து நடு ரோட்டுல படுத்திருச்சி. ஹார்ன் அடிச்சா திரும்பிப் பார்க்குது, எழுந்திரிக்க மாட்டேங்குது. வெள்ளை மாடு ஒன்னு லோரி டயர மோந்து பார்க்குது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அண்ணே, பதினேழு வருஷமா நான் கேக்காத கதையா இது? எந்தக் கடையில உக்காந்திருக்கீங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்று ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி பேசிவிட்டு வைத்தேன். பக்கத்து மேசைப் பெண் மெச்சுதலாகப் பார்த்தாள். ஒரு நிமிடம் கழித்துப் போனில் ஒரு படம் வந்தது. ஈரமான தார் சாலை, நடுவில் ஆற அமர அசைபோட்டுக்கொண்டிருக்கும் மாடுகள். எண்ணிப் பார்த்தேன். பதினொன்று. ஓரத்தில் கன்றுக்குட்டி. லோரியின் முன் டயருக்கு மிக அருகே ஒரு வெள்ளை முகம். அடுத்த படத்தில் அந்த டிரைவர் மாட்டின் முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தார், மாடு அசைந்ததாகத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் லோரிகள் நிற்கும் யார்டுக்குப் போய் அவரைத் தேடி, "அண்ணே, மன்னிச்சிக்குங்க, நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். அவர், "பரவால்ல லா அக்கா. சொல்லும்போதே நினைச்சேன், யாரும் நம்ப மாட்டாங்கன்னு. எனக்கே நம்ப முடியல" என்றார். இருவரும் நின்றபடியே கோப்பி குடித்தோம். அவர் அந்தக் கன்றுக்குட்டி எப்படிக் கடைசியாக எழுந்தது என்பதையும் விவரமாகச் சொன்னார். முழுதும் கேட்டேன்.

அன்று மாலை கோச்சிடம் இதைச் சொன்னேன். அவர் கை உறையின் பட்டையை இழுத்துக்கொண்டே கேட்டார். "நீங்க அவரக் கேள்வி கேட்டீங்களா அக்கா?"

"கேக்கல. முடிவு பண்ணிட்டேன்."

"ரிங்லயும் அதான் பண்றீங்க. ஒருத்தங்க தோள் அசைஞ்சா குத்து வருதுன்னு முடிவு பண்ணிடுறீங்க. அவங்களுக்குத் தோள்ல அரிப்பா கூட இருக்கலாம். முதல்ல இடக்கையால ஒரு சின்ன குத்து விடுங்க, படணும்னு இல்ல. அது கேள்வி. அவங்க எப்படி நகர்றாங்கன்னு பாருங்க, அது பதில். அதையே ரெண்டாவது தடவை கேளுங்க. அதே பதில் வந்தா, மூணாவது தடவை அடிங்க."

இதை ஆபீசிலும் செய்து பார்க்கத் தொடங்கினேன். "ஜாம்" என்று யாராவது சொன்னால், "எந்தப் பக்கம், அண்ணே? முன்னால என்ன வண்டி நிக்குது?" என்று சாதாரணமாகக் கேட்பேன். உண்மை சொல்கிறவர்கள் சந்தோஷமாகப் புலம்பினார்கள். மற்றவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரிக்கா, கிளம்பிட்டேன்" என்றார்கள். சண்டையில்லாமல் வேலை நடந்தது.

ஒன்றரை வருடம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் கோச், பிரிக்பீல்ட்சில் ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை ஜிம்களுக்கிடையே நட்புப் போட்டி இருக்கிறது என்றார். நாற்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் பிரிவில் ஒரே ஒருவர்தான் பெயர் கொடுத்திருக்கிறாராம். எதிரே யாரும் இல்லாவிட்டால் அவருக்குச் சண்டையில்லாமலே மெடல் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். "பாவம் அக்கா அவங்க, நீங்க போனா நல்லா இருக்கும்" என்றார், ஏதோ கல்யாணத்துக்கு ஆள் குறைவதுபோல. நான் யோசிக்கிறேன் என்றேன். அவர் சிரித்தபடி போய்ப் பெயரை எழுதினார். அப்போது நான் தலையாட்டியிருக்கிறேன் என்று பிறகுதான் புரிந்தது.

ஞாயிறு காலை கணவரும் நானும் கொம்யூட்டர் ரயிலில் சென்ட்ரல் ஸ்டேஷன் போய் இறங்கி நடந்தோம். பூக்கடைகளில் கூட்டம். தோசைக்கல் வாசனை வழி முழுக்கத் துரத்தியது, ஆனால் எடை பார்க்கும்வரை எனக்குச் சாப்பிட அனுமதி இல்லை. மண்டபத்தின் ஒரு மூலையில் எடை மெஷின். எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்துப் புன்னகை செய்தார். ஐம்பத்தொரு வயது, மலாய்க்காரர், ஷா ஆலாமில் ஒரு ஆரம்பப் பள்ளியின் தலைமை ஆசிரியை. தலையைச் சுற்றிக் கறுப்பு விளையாட்டுத் துடோங், அந்தத் துணிக்குள் வட்ட முகம். மலாயில், "நீங்கள்தானா என் ஆள்?" என்று கேட்டார். "ஆமாம், சிக்கு" என்றேன். பள்ளிக்கூடத்தில் டீச்சரைக் கூப்பிட்ட பழக்கம், அந்தச் சொல் தானாக வந்தது. "எத்தனை கிலோ, அடிக்?" என்றார், தங்கை என்று கூப்பிடும் உரிமையோடு. "அறுபத்தேழு." "நான் அறுபத்தெட்டு. பார், பொருத்தமான ஜோடி" என்று மறுபடி சிரித்தார்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கலக்கியது. டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தபோதும் சிரித்தார். கையில் துணிப்பட்டை சுற்றும்போதும் சிரித்தார். நானோ என் பட்டையை இரண்டு தடவை தப்பாகச் சுற்றிப் பிரித்தேன். "அவங்களுக்குப் பயமே இல்ல போலிருக்கு" என்று கணவரிடம் முணுமுணுத்தேன். "உனக்கு?" என்றார். பதில் சொல்வதற்கு முன்பே பேச்சை மாற்றிவிட்டார்.

ஒன்றரை நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு. மணி அடித்தது. நெஞ்சைப் பார்த்தேன், கோச் சொன்னபடி. இடக்கையால் கேள்வி கேட்டேன். அவர் ஒரு அடி பின்னால் போனார். திரும்பக் கேட்டேன். திரும்பவும் பின்னால். சரி, பதில் கிடைத்துவிட்டது என்று முன்னேறி வலக்கையை வீசினேன். இரண்டு கைகளையும் முகத்துக்கு முன் மடக்கிக் கதவுபோல மூடிக்கொண்டார். என் குத்து கதவில் பட்டது. கதவு திறந்து அவர் குத்து என் மூக்கில் பட்டது. வலிக்கவில்லை, தலைக்கவசம் இருந்தது, கிளவுஸ் தலையணை மாதிரி. ஆனால் மூன்று முறை, நான்கு முறை இதே நடந்தது. நான் வலக்கையை எடுக்கும் முன்பே அந்தக் கதவு மூடிக்கொண்டது. மவுத்கார்டுக்குப் பின்னால் அவர் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

ரவுண்டு முடிந்து மூலையில் உட்கார்ந்ததும் கோச் என் வாயில் தண்ணீர் ஊற்றினார்.

"தலையாட்டுறீங்க அக்கா."

"நிறுத்திட்டேனே."

"பயத்துல திரும்பி வந்துருச்சி. இப்ப நிறுத்தச் சொன்னா நீங்க அதையே நினைச்சிக்கிட்டு நிப்பீங்க. அதனால நிறுத்தாதீங்க. நல்லா ஆட்டுங்க. ஆட்டிட்டு வலக்கைய விடாம, இடக்கையால விலாவுல போடுங்க. முகத்த மூடும்போது அவங்க முழங்கை ரெண்டும் மேல போவுது, விலா திறந்து கிடக்குது."

எட்டு வாரம் டென்னிஸ் பந்து வைத்து அடக்கிய தலையை, இப்போது வேண்டுமென்றே ஆட்டச் சொல்கிறார். சிரிப்பு வந்தது. சிரித்ததில் தோள் இறங்கி, மூச்சு சரியானது. அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டே சண்டை போட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாம் ரவுண்டில் இடக்கையால் இரண்டு கேள்வி. பிறகு கல்யாண வீட்டில் சம்மதம் சொல்லும் பெரிய மனுஷியைப்போலத் தெளிவாகத் தலையாட்டினேன். கதவு மூடியது. நான் குனிந்து இடக்கையால் விலாவில் ஒன்று வைத்தேன். "உப்" என்று அவரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. என் கணவர் எங்கிருந்தோ கைதட்டினார், அவர் மட்டும்தான் தட்டினார். இருபது வினாடி கழித்து மறுபடியும் ஆட்டினேன், மறுபடியும் விலா. மூன்றாவது முறை ஆட்டியபோது கதவு பாதிதான் மூடியது. சிக்கு யோசிக்கிறார் என்று தெரிந்தது. ஆட்டிவிட்டு உண்மையாகவே வலக்கையை விட்டேன். கன்னத்தில் பட்டது. அந்த ஒன்றரை நிமிடத்தில் எனக்கு இருபது வயது.

மூன்றாம் ரவுண்டுக்குள் அவர் பாடத்தைத் திருத்திவிட்டார். நான் தலையாட்டினால் அவர் எதுவும் செய்யாமல் அரையடி பின்னால் போய் நின்று பார்த்தார். என்னிடம் வேறு சரக்கு இல்லை. இனி அவரைத்தான் படித்தாக வேண்டும். முகத்தில் எழுத்தே இல்லை, அதே சிரிப்பு. கீழே பார்வையை விட்டேன். அவர் சும்மா நிற்கும்போது குதிகால் இரண்டும் சின்னதாகத் துள்ளிக்கொண்டே இருந்தன. குத்து வருவதற்கு முன் அந்தத் துள்ளல் நின்றது. ஒரு கணம் முழு உடலும் அமைதியானது. என் ஆரம்பப் பள்ளியில் ஒரு டீச்சர் கத்துவதற்கு முன்னால் இப்படித்தான் அமைதியாவார், வகுப்பில் மூச்சுச் சத்தம்கூட நின்றுவிடும். ஒருமுறை பார்த்தேன். இரண்டாம் முறையும் அதே. மூன்றாம் முறை துள்ளல் நின்றதும் நான் இடதுபக்கம் விலகினேன். அவருடைய குத்து என் காதோரமாகக் காற்றில் போனது. நான் இரண்டு வைத்தேன், இரண்டும் பட்டன.

கடைசி இருபது வினாடியில் படிப்பு, பாடம் எல்லாம் போய்விட்டது. இருவருக்கும் கை தூக்க முடியவில்லை. ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு, நடுவர் பிரித்துவிட, மறுபடியும் சாய்ந்தோம். மணி அடித்தபோது அவர் என் காதில், "அடிக், உட்காரலாமா?" என்று கேட்டது நினைவிருக்கிறது.

மூன்று நடுவர்களில் இருவர் அவருக்குக் கொடுத்தார்கள். முதல் ரவுண்டில் நான் வாங்கியதை எண்ணினால் அது சரியான தீர்ப்புதான். தோற்றதில் வருத்தம் இருந்ததா என்றால், ஒரு ஐந்து நிமிடம் இருந்தது. பிறகு பசி வந்துவிட்டது.

சிக்குவையும் அழைத்துக்கொண்டு அருகிலிருந்த வாழையிலைக் கடைக்குப் போனோம். கோச்சும் என் கணவரும் ஒரு பக்கம், நாங்கள் இருவரும் எதிரே. சிக்கு ரசத்தைக் கிளாசில் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். நான் கேட்டே விட்டேன்.

"சிக்கு, என் தலையாட்டலை எப்போது கண்டுபிடித்தீர்கள்? இரண்டாவது குத்திலா?"

"ரிங்கில் இல்லை. எடை மெஷினில்" என்றார். "எத்தனை கிலோ என்று கேட்டேன். நீ முதலில் தலையாட்டினாய், பிறகு அறுபத்தேழு என்றாய். மெஷின்காரர் பெயர் கேட்டார், அதற்கும் ஆட்டிவிட்டுத்தான் சொன்னாய். முப்பது வருடமாகப் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பின்வரிசையில் யார் பேசப் போகிறான் என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே சொல்வேன். அதனால் ஒரு பந்தயம் கட்டிப் பார்த்தேன், குத்துக்கும் ஆட்டுவாய் என்று."

சண்டை மணி அடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே தொடங்கியிருக்கிறது. நான் அப்போது தோசையை நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் உங்களைப் படிக்கவே முடியவில்லை" என்றேன். "அந்தச் சிரிப்பு. கொஞ்சம்கூடப் பயமில்லாமல் எப்படி வந்தீர்கள்?"

அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். இப்போது சிரிக்கவில்லை. "பயமில்லாமலா? காலையில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். முதல் வருடம் வாத்தியார் வேலைக்குப் போனபோது நாற்பத்தைந்து பிள்ளைகளுக்கு முன்னால் பயந்து நின்றேன். அன்றைக்கு முகத்தில் ஒட்டிக்கொண்ட சிரிப்பு இது. பயம் எவ்வளவோ அவ்வளவு பெரிதாக வரும். என் கணவர் இருந்தவரை, நான் சிரித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தால், இன்றைக்கு என்ன பிரச்சினை என்றுதான் கேட்பார்."

மாடுகள் விஷயத்தைவிட மோசமாக ஏமாந்திருக்கிறேன். அந்த முகத்தில் என்னைவிடப் பெரிய பயம் எழுதியிருந்தது, நான் அதைத் தைரியம் என்று வாசித்து, அதைக் கண்டு பயந்து, அந்தப் பயத்தில் தலையாட்டி, முதல் ரவுண்டைத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். இதைச் சொன்னதும் சிக்கு உண்மையாகவே சிரித்தார். அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. கண்கள் மூடிக்கொண்டன, தோள் குலுங்கியது, ரசக் கிளாஸ் ஆடியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அன்று கண்ணால் கண்டேன், இனி மாற்றிப் படிக்க மாட்டேன்.

அவர் கணவர் தவறி மூன்று வருடமாகிறதாம். வீடு அமைதியாகிவிட்டதாம். பிள்ளைகள் வெளியூரில். யாராவது தினமும் தன்னைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் ஜிம்மில் சேர்ந்ததாகச் சொன்னார். "எதிரே நிற்கிறவர் மாதிரி யாரும் நம்மை இவ்வளவு உற்றுப் பார்ப்பதில்லை, அடிக்." என் கணவர் இதைக் கேட்டதும் எழுந்து போய் எல்லோருக்கும் பாயசம் வாங்கிவந்தார். சட்டென்று பேச்சை மாற்றத் தெரிந்தவர் அவர், சில நேரங்களில் அது நல்ல குணம்தான்.

இப்போது மாதத்தில் ஒரு சனிக்கிழமை சிக்கு கிள்ளானுக்கு வருகிறார். டயர் கடை மாடியில் மூன்று ரவுண்டு, பிறகு கீழே நுரை ததும்ப ஆற்றிய தே தாரிக் டீ. கணக்குப் பார்த்தால் அவர்தான் அதிகம் ஜெயித்திருக்கிறார், ஆனால் இடைவெளி குறைந்துவருகிறது. போன மாதம் என் தலை ஆடவேயில்லை, பெருமையாக இருந்தது. முடிந்ததும் கிளவுசைக் கழற்றியபடி, "ஆடவில்லை, இல்லையா?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார். "ஆனால் இப்போது குத்துவதற்கு முன்னால் மூக்கைச் சுருக்குகிறாய்."

கோச்சைத் திரும்பிப் பார்த்தேன். அவர் டென்னிஸ் பந்தை எங்கே செருகலாம் என்று யோசிப்பதுபோல என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.